படிகள் சமைத்த பெருவணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான்

சென்னை மாநகரின் தென்புறத்தே, ஏறத்தாழ 300 அடி உயரமுடைய பரங்கிமலையின் உச்சியில் எதிர்பார்ப்பின் அன்னை ஆலயம் அமைந்துள்ளது. போர்ச்சுகீசியர் இதனை 1523இல் எழுப்பினர். உரோமாபுரியில் மறுமலர்ச்சிக் கலையின் சிகரமாகிய புனித பேதுரு பேராலயம் வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. அதன் பேருருவம் இங்கில்லை. எனினும் கலையழகுக்குக் குறைவில்லை. மலையடிவாரத்து வளைவு வாயில் 1547 என்னும் ஆண்டைத் தாங்கி நிற்கிறது. பீடத்தின் பின்னே, பண்டைப் பாரசீகமாகிய பகலவி எழுத்துக்கள் சூழ்ந்த கற்சிலுவை பொலிகிறது. திருத்தூதர்களின் ஓவியங்கள் சுவர்களை அணிசெய்கின்றன. இவற்றைக் காண மக்கள் ஏறிச் செல்லக் கற்படிகள் அமைத்துத் தந்த வள்ளலே கோஜா பெட்ரஸ் உஸ்கான்.

உஸ்கான் ஆர்மீனியர். பாரசீகத்தின் இசுபகான் நகரையடுத்த புதிய சுல்பாவில் 1680ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர். சபாவி மன்னர் முதலாம் ஷா அப்பாஸ் ஆர்மீனியரைக் குடியமர்த்திய ஊர் அது. வணிகப் பெருமக்களுக்குப் பாரசீகம் வழங்கிய 'கோஜா' என்னும் சிறப்புப் பெயர் இவர்க்கும் அமைந்தது. மணிலா நகரோடு கடல் வாணிகம் நிகழ்த்திய இவர், 1720களில் சென்னையில் நிலைகொண்டார்.

அந்நாளில் மலைக்குச் செல்வோர் அடையாற்றைக் கடக்க இடர்ப்பட்டனர். அத்துயர் துடைக்க, 1726இல் சைதாப்பேட்டையில் தம் சொந்தப் பொருளில் 30,000 வராகன் செலவிட்டுப் பாலம் கட்டினார். மாம்பலத்தின் பெயர் மருவி, அது மார்மலாங் பாலம் எனப்பட்டது. அதன் கல்வெட்டு பாரசீகம், ஆர்மீனியம், இலத்தீன் ஆகிய மும்மொழிகளிலும் பொறிக்கப்பட்டது. மலைப்படிகளையும் அமைத்து, இவற்றின் பராமரிப்புக்கெனத் தனியே பொருளும் ஒதுக்கினார். வேப்பேரியில் சிற்றாலயம் ஒன்றையும் எழுப்பினார்.

1746இல் பிரஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோது இவர்க்குப் பெருஞ்சோதனை நேர்ந்தது. மாளிகைகளும் சரக்குகளும் பறிபோயின. தம் பக்கம் சேர்ந்தால் அவற்றை மீட்டுத் தருவதாக அவர்கள் கூறியும் உஸ்கான் இணங்கவில்லை. தமக்கு வாழ்வளித்த ஊரின் பக்கமே நின்று இழப்பை ஏற்றார். 1749இல் நகரம் மீண்டும் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1751 சனவரியில் இவர் மறைந்தார். உடல் வேப்பேரியில் அடக்கமாயிற்று. இதயமோ இவர்தம் விருப்பப்படி பேழையில் வைக்கப்பெற்றுப் பிறந்த ஊராகிய சுல்பாவுக்குச் சென்றது.

அடுத்த ஆண்டே, கத்தோலிக்கராகிய இவர் கட்டிய வேப்பேரி ஆலயத்தை ஆங்கில அரசு சீர்திருத்தச் சபையாரிடம் ஒப்படைத்தது. அங்குப் பணியாற்றிய பெப்ரீசியஸ் ஆக்கிய தமிழ் அகராதி 1779இல் வேப்பேரியிலேயே அச்சேறியது. கட்டியவர் எண்ணாத வழியில் அவ்விடம் தமிழுக்குப் பயன்பட்டமை நினைந்து மகிழத்தக்கது. அவர் கட்டிய பழம்பாலமும் 1966இல் புதிய பாலத்துக்கு வழிவிட்டது. அது மறைமலையடிகள் பெயரைத் தாங்குகிறது.

ஆலயம் கைமாறிற்று, பாலம் மறைந்தது, எஞ்சி நிற்பவை மலைப்படிகளே. மலையுச்சிச் சிலுவையில் பகலவி. ஆற்றுப் பாலத்தில் பாரசீகம். இரண்டுக்கும் நடுவே தமிழ் மக்கள் நடக்கும் வழி. பல சமயத்தாரும் பல மொழியாரும் சேர்ந்து ஆக்கியதே இந்நகரம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. ஈட்டிய பொருளைப் பிறர் நடக்கும் பாதையாக மாற்றியவர் உஸ்கான். சைதாப்பேட்டைப் பாலத்தை நாள்தோறும் கடக்கும் மாணவச் செல்வங்கள், ஒருகால் அப்படிகளிலும் ஏறி அவரை நினைவுகூர்தல் நன்று.