சாப்பாட்டு மேஜையில் பிறந்த ஸ்தோத்திரம்



மறுபடியும் டிசம்பர் வந்துவிட்டது. வாசலில் நட்சத்திரம் கட்டியாச்சு. 31-ம் தேதி ராத்திரி ஆராதனைக்குக் குடும்பம் குடும்பமாய் வருவோம். ஒவ்வொருவராக எழுந்து நின்று, வருஷம் முழுவதும் கர்த்தர் நடத்தின விதத்தைச் சாட்சியாகச் சொல்லுவோம். வேலை கிடைத்தது, கடன் அடைந்தது, பிள்ளை பிறந்தது என்று சொல்லி ஸ்தோத்திர காணிக்கை படைப்போம். நல்லதுதான். ஆனால் அதே ராத்திரியில், எழுந்து நிற்கப் பெலனில்லாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர்களும் நம் நடுவில் உண்டு. ஒரு வருஷம் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

அந்த வருஷம் ஜூன் மாதம் என் மனைவி கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள். சபையார் உபவாசமிருந்து ஜெபித்தார்கள். போதகர் வந்து எண்ணெய் பூசி ஜெபித்தார். ஆனாலும் போய்விட்டாள். எங்களுக்கு ஒரே மகள், அப்போது ஏழு வயசு. ராத்திரி சாப்பிடுவதற்கு முன் கண்ணை மூடி ஜெபிக்க அவளைப் பழக்கினது அவள் அம்மாதான். அம்மா போன பிறகு தட்டு வைத்ததும் நான் பேசாமல் சாப்பிட ஆரம்பித்துவிடுவேன். வீட்டில் ஜெபத்தை நிறுத்தினது பிள்ளை அல்ல, நான். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்ப்பாள், அப்புறம் சாப்பிடுவாள்.

அந்த டிசம்பர் ராத்திரி ஆராதனை முடிந்து எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டிருந்தபோது, சபையில் மூத்தவரான ஒரு ஐயா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ரிட்டயர்டு வாத்தியார். சின்ன வயசில் தரங்கம்பாடிப் பக்கம் லுத்தரன் போர்டிங்கில் படித்து வளர்ந்தவர். எனக்கு வசனம் ஒன்றும் சொல்லவில்லை. தம்பி, ஒரு ஜெர்மன் போதகருடைய கதையைச் சொல்லுகிறேன், கேட்டுக்கோ என்றார். அன்று அவர் சொன்னதையும், அதற்குப் பிறகு நானாகத் தேடிப் படித்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

பீப்பாய் செய்கிறவரின் மகன்

அந்தப் போதகரின் பெயர் மார்ட்டின் ரிங்கார்ட். 1586-ம் வருஷம் ஏப்ரல் 23-ம் தேதி, ஜெர்மனியின் சாக்சனி நாட்டில், லைப்சிக் நகரத்துக்குப் பக்கத்திலுள்ள ஐலன்பூர்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் மரப்பீப்பாய் செய்கிற தொழிலாளி. பணவசதி கிடையாது. ஆனால் பையனுக்கு ஆண்டவர் நல்ல குரலைக் கொடுத்திருந்தார். லைப்சிக்கின் புனித தோமா பள்ளியில் பாடகர் குழுவில் பாடிக்கொண்டே படித்தார். அந்தச் சங்கீத வரமே பின்பு பல்கலைக்கழகத்தில் வேதசாஸ்திரம் படிக்கவும் அவருக்குக் கைகொடுத்தது.

1610-ல் சொந்த ஊரிலேயே ஊழியம் செய்ய ஆசைப்பட்டு விண்ணப்பம் போட்டார். நகரசபை சம்மதித்தது. ஆனால் அங்கே மேற்பார்வைக் குருவாக இருந்தவர் ஒத்துக்கொள்ளவில்லை. ரிங்கார்ட் மனமடிவாகிவிடாமல், லுத்தர் பிறந்த ஊரான ஐஸ்லேபனிலும் அடுத்து எர்டபோர்ன் என்ற கிராமத்திலும் ஊழியம் செய்தார். ஏழு வருஷம் கழித்து, 1617-ல், ஐலன்பூர்க் நகரத்தாரே அவரை ஆர்ச்டீக்கன் பொறுப்புக்கு அழைத்தார்கள். சொந்த ஊருக்குத் திரும்பி வந்தார்.

வந்த மறுவருஷமே, 1618-ல், யுத்தம் ஆரம்பமானது. முப்பது வருஷம் ஓயவில்லை. சரித்திரத்தில் முப்பதாண்டுப் போர் என்கிறார்களே, அதுதான். ஒரு நாள் ஒரு ராஜாவின் சேனை வரும், வேறொரு நாள் இன்னொரு ராஜாவின் சேனை வரும். எந்தச் சேனை வந்தாலும் தானியமும் ஆடுமாடும் போய்விடும். ரிங்கார்டின் வீட்டிலும் சிப்பாய்கள் வந்து தங்கி, இருந்ததைச் சாப்பிட்டுப் போனார்கள்.

ஒரு சின்ன ஜெபம்

அந்த நாட்களில்தான் அவர் தன் பிள்ளைகளுக்காக ஒரு சின்ன ஜெபப்பாட்டு எழுதினார். ஆலயத்தில் பாட அல்ல, சாப்பிட்டு முடித்ததும் மேஜையைச் சுற்றி நின்று சொல்லுவதற்கு. நம்முடைய வேதாகமத்தில் சேராத, தள்ளுபடி ஆகமங்களில் ஒன்றான சீராக்கின் புத்தகத்திலுள்ள ஒரு துதியை எடுத்து அதைப் பாட்டாக்கினார். முதல் சரணம் தேவனுக்கு நன்றி சொல்லுகிறது. வாயினால் மட்டுமல்ல, கையினாலும் செலுத்துகிற நன்றி அது. இரண்டாம் சரணம் சந்தோஷமான மனதையும் சமாதானத்தையும் தரும்படி கேட்கிறது. மூன்றாம் சரணம் பிதா குமாரன் பரிசுத்த ஆவிக்கு மகிமை செலுத்துகிறது.

பிரியமானவர்களே, இரண்டாம் சரணத்தைக் கவனியுங்கள். சமாதானத்தைக் கேட்கிறார். அப்படியானால் அது இன்னும் கையில் வரவில்லை. கேட்டதைப் பெறுவதற்கு முன்பே முதல் சரணத்தில் நன்றி சொல்லியாயிற்று!

யுத்தம் முடிந்த சந்தோஷத்தில் இதை எழுதினார் என்று பலர் சொல்லுவதுண்டு. அப்படியல்ல, பெரும்பாலும் 1636-க்குள்ளேயே எழுதியிருக்க வேண்டும் என்பது ஆராய்ந்தவர்களின் கருத்து. அதாவது, அவருடைய வாழ்க்கையின் மகா கொடிய வருஷத்துக்கு முன்னாலேயே.

1637

ஐலன்பூர்க்கைச் சுற்றி மதில் இருந்தது. சுற்றுக்கிராமத்து ஜனங்கள் சிப்பாய்களுக்குப் பயந்து அந்த மதிலுக்குள் ஓடிவந்து நெருக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த நெருக்கத்தில் கொள்ளைநோய் புகுந்தது. 1637 மே 8-ம் தேதி ரிங்கார்டின் மனைவி மரித்துப்போனார்.

மேற்பார்வைக் குரு ஊரைவிட்டுப் போய்விட்டார். எவ்வளவு அழைத்தும் திரும்பி வரவில்லை. ஆகஸ்டு 7-ம் தேதி ஒரே நாளில் நான்கு குருமார்களை ரிங்கார்ட் அடக்கம்பண்ணினார். இரண்டு பேர் அந்த ஊர்க்காரர்கள், இரண்டு பேர் அடைக்கலம் தேடி வந்தவர்கள். அதற்குப் பிறகு ஊழியத்துக்கு அவர் ஒருவரே மிஞ்சினார்.

ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது பிரேதங்கள். மொத்தம் ஏறக்குறைய 4,480 பேருக்கு அவர் அடக்க ஆராதனை நடத்தினதாகக் கணக்குச் சொல்லுகிறார்கள். கடைசியில் அதற்கும் முடியாமல், குழிகளில் மொத்தமாகப் புதைத்தார்கள். அந்த ஊரில் மாண்டவர்கள் சுமார் 8,000 பேர். ஆனால் நோயாளிகளை விடாமல் சந்தித்த அந்தப் போதகரை நோய் வீழ்த்தவில்லை.

நோய் தணிந்ததும் பஞ்சம் வந்தது. செத்த பூனைக்கும் காக்கைக்கும் முப்பது நாற்பது பேர் தெருவில் சண்டை போட்ட பஞ்சம் அது. ரிங்கார்ட் தன் பிள்ளைகளுக்கு உயிர்பிடிக்க மட்டும் கொஞ்சம் வைத்துக்கொண்டு மீதியை எல்லாம் கொடுத்தார். அவர் வீட்டு வாசலில் பசித்தவர்கள் கூட்டமாய் நிற்பார்கள். கொடுத்துக் கொடுத்து, வரப்போகிற வருஷங்களின் வருமானத்தையே அடகு வைத்தார். சொந்தப் பிள்ளைகளுக்கு ரொட்டியும் துணியும் தேடுவதே கஷ்டமாகிவிட்டது. கையினால் நன்றி செலுத்துகிறது என்றால் இதுதானே!

1639 பிப்ரவரியில் சுவீடன் சேனை ஊரை வளைத்துக்கொண்டு 30,000 தாலர் கேட்டது. ரிங்கார்ட் பாளயத்துக்கே போய்க் கெஞ்சினார். தளபதி அசையவில்லை. மனுஷரிடத்தில் இரக்கம் இல்லை, தேவனிடத்தில் போவோம் என்று கூடவந்த ஜனங்களை அழைத்து, அங்கேயே முழங்கால்போட்டு ஜெபித்தார். 30,000 தாலர் 8,000 ஆகக் குறைந்தது. முடிவில் 2,000 ஃபுளோரின் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

நன்றி கிடைக்காத நன்றியுள்ளவர்

இவ்வளவு செய்தவரை ஊரார் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள் என்று நினைப்பீர்கள். இல்லைங்க. பிந்தின வருஷங்களில் அதே நகர அதிகாரிகள் அவரைப் பலவிதமாய் நெருக்கித் தொந்தரவு செய்தார்கள். உலகத்துக்கே நன்றிப்பாட்டைக் கொடுத்தவருக்குச் சொந்த ஊரில் நன்றி கிடைக்கவில்லை. 1648 அக்டோபர் 24-ம் தேதி சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது. வருஷக்கணக்காய் அவர் கேட்ட சமாதானத்தைக் கண்ணாலே கண்டார். ஆனால் சரீரம் தளர்ந்துபோயிருந்தது. 1649 டிசம்பர் 8-ம் தேதி, கிறிஸ்துமஸ் நெருங்கின நாட்களில், பிறந்த ஊரிலேயே தன் ஓட்டத்தை முடித்தார்.

பாட்டோ நிற்கவில்லை. யோகான் குரூகர் என்ற பாடகர் குழுத் தலைவர் அதற்கு ராகம் அமைத்தார். பாக் என்ற பெரிய சங்கீத மேதை அதை எடுத்துக் கையாண்டார். 1858-ல் கேத்தரின் விங்க்வொர்த் அம்மையார் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1955-ல், இரண்டாம் உலக யுத்தம் முடிந்தும் பத்து வருஷம் சோவியத் முகாம்களில் அடைபட்டிருந்த ஜெர்மன் கைதிகள் விடுதலையாகி ஃபிரீட்லாந்து முகாமுக்கு வந்து சேர்ந்தபோது, சேர்ந்து பாடினது அந்தச் சாப்பாட்டு ஜெபத்தைத்தான்.

என் வீட்டு மேஜை

ஐயா சொல்லி முடித்ததும் எனக்கு ஒன்றே ஒன்று உறைத்தது. நான் நன்றியை வருஷக் கடைசியில் போடுகிற கணக்கு என்று நினைத்திருந்தேன். வரவு அதிகமானால் ஸ்தோத்திரம், செலவு அதிகமானால் மௌனம். ரிங்கார்டோ அந்த நன்றியை நாள்தோறும் மேஜையில் சொல்லுகிற பழக்கமாகத் தன் பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தார். கொடிய வருஷம் வந்தபோது அது புதிதாகத் தேடவேண்டிய ஒன்றாக இல்லை. வீட்டிலேயே இருந்தது.

மனைவி மரித்ததற்காக ஆண்டவருக்கு நன்றி சொல் என்று ஐயா என்னிடம் சொல்லவில்லை. பவுலும் அப்படிச் சொல்லவில்லை. எந்த நிலைமையிலும் நன்றி சொல்லும்படிதான் 1 தெசலோனிக்கேயர் 5:18-ல் எழுதுகிறார். அவரும் சீலாவும் பிலிப்பி சிறையில் நடுராத்திரியில் துதித்தபோது முதுகில் காயம் ஆறவில்லையே!

மறுநாள் புதுவருஷம். ராத்திரி தட்டில் சோறும் ரசமும்தான். கையை வைக்காமல் நிறுத்திவிட்டு, ஜெபிக்கலாமா பாப்பா என்று கேட்டேன். அவள் உடனே கண்ணை மூடிக்கொண்டு, அம்மா சொல்லிக்கொடுத்த அந்தச் சின்ன ஜெபத்தை முழுசாகச் சொன்னாள். ஆறு மாசத்தில் ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. நான் ஆமென் சொன்னேன். அதற்குமேல் என்னால் பேச முடியவில்லை.

தேவஜனமே, இந்த வருஷக் கடைசி ராத்திரியில் உங்களுக்குச் சாட்சி சொல்ல நிறைய இருந்தால், தயங்காமல் சொல்லுங்கள். கூடவே கடைசி வரிசையையும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அங்கே இருக்கிறவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். நீங்கள்தான் அந்தக் கடைசி வரிசையில் இருக்கிறவர் என்றால், எழுந்து நிற்க முடியாவிட்டாலும் பரவாயில்லை. வீட்டுக்குப் போய், இன்றைக்குத் தட்டில் இருக்கிறதற்கு முன்பாகக் கண்ணை மூடுங்கள். அங்கேயிருந்து ஆரம்பியுங்கள்.

கர்த்தர்தாமே உங்கள் வீட்டு மேஜையை ஆசீர்வதிப்பாராக. ஆமென். அல்லேலூயா!