சார்ஜ் ஏறாத டிராக்டரும் கொல்லர் மகன் ஃபாரடேயும்

கரும்பு அரவைக் காலத்தில் மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் ஆலைகளுக்கு இரவில் லோடு ஏற்றிச் செல்லும் டிராக்டருக்கு விளக்கு எரியாவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு இறக்கி வரும் வண்டிக்கும் அதே ஆபத்துதான். பழைய டிராக்டரில் பேட்டரி அடிக்கடி இறங்குகிறதென்று ஆல்டர்னேட்டரை மாற்றுகிறீர்கள். மாற்றிய பிறகும் சார்ஜ் ஏறவில்லை. இன்னொன்று வாங்கப் பணத்தை எடுக்கும் முன், அந்தக் கருவிக்கு அடித்தளம் போட்டவரின் கதையைக் கேளுங்கள். பழுதைத் தேடும் வழி அதிலேயே இருக்கிறது.

மைக்கேல் ஃபாரடே 1791-ல் லண்டன் அருகே ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தார். தந்தை நோயாளி. ஒரு ரொட்டியை வைத்து ஒரு வாரத்தை ஓட்டிய நாட்களும் அவருக்கு உண்டு. எழுதப் படிக்கக் கற்றதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. 14 வயதில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை பழகச் சேர்ந்தார். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்தே மின்சாரம், வேதியியல் கற்றார். 1812-ல் விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, அழகாக பைண்டிங் செய்து அவருக்கே அனுப்பினார். அடுத்த ஆண்டே ராயல் இன்ஸ்டிடியூஷனில் டேவியின் உதவியாளரானார்.

மின்சாரத்தால் காந்தம் உண்டாகும் என்பது அப்போது தெரிந்திருந்தது. காந்தத்தால் மின்சாரம் உண்டாகுமா என்பதே ஃபாரடேயின் கேள்வி. பல ஆண்டுகள் முயன்றும் பலனில்லை. பலனில்லாத சோதனைகளையும் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். 1831 ஆகஸ்ட் 29 அன்று, ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு கம்பிச் சுருள்களைச் சுற்றி, ஒன்றை பேட்டரியோடு இணைத்தார். இன்னொரு சுருளில் மாட்டிய முள் ஒரு கணம் துள்ளி நின்றுவிட்டது. இணைப்பைப் பிரித்தபோது மீண்டும் துள்ளியது. அக்டோபரில் காந்தத்தைச் சுருளுக்குள் நுழைத்தும் இழுத்தும் பார்த்தார். காந்தம் அசையும்போது மட்டும் முள் அசைந்தது. சும்மா கிடந்த காந்தம் எதுவும் தரவில்லை.

உங்கள் டிராக்டருக்கும் இதே விதிதான். காந்தம் வேண்டும், அது சுழல வேண்டும், உண்டான மின்சாரம் திரும்பி வரப் பாதை வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் புது ஆல்டர்னேட்டர் வெறும் இரும்புதான்.

காந்தம் இருக்கிறதா?

பழைய டைனமோவின் இரும்பில் கொஞ்சம் காந்தம் தங்கியிருக்கும். ஆல்டர்னேட்டரை அப்படி நம்ப முடியாது. பல மாடல்களில் சார்ஜ் லைட் வழியாக வரும் சிறு மின்சாரமே உள்ளே காந்தத்தை எழுப்புகிறது. சாவியைத் திருப்பியதும், இன்ஜின் ஓடும் முன், அந்த லைட் எரிய வேண்டும். எரியாவிட்டால் பல்பையும் அதன் வயரையும் பாருங்கள். சாவி ஆனில் இருக்கும்போது ஆல்டர்னேட்டரின் பின்பக்க பேரிங் அருகே ஸ்பேனரை வைத்தால் இழுக்க வேண்டும். இதை இன்ஜின் நின்றிருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

சுழல்கிறதா?

பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம்போல அமுங்கலாம். அதற்கு மேல் தொய்ந்தால் வழுக்கும். புதிய ஆல்டர்னேட்டரின் புல்லி பழையதைவிடப் பெரிதாக இருந்தால் வேகம் குறைந்து, சார்ஜும் குறையும்.

பாதை சரியா?

வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு, நல்ல 12 வோல்ட் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் நடுத்தர வேகத்தில் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஆல்டர்னேட்டரின் முனையில் 14.2 இருந்து, பேட்டரியில் 12.5 மட்டும் வந்தால், குற்றம் இடையிலுள்ள வயரிலோ எர்த்திலோ இருக்கிறது. பெயின்ட், துரு, மண்ணைச் சுரண்டி எர்த்தை இறுக்குங்கள். டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டியிருந்தால், பழைய கட்-அவுட் பெட்டியை இணைப்பிலிருந்து நீக்கிவிட வேண்டும். பேட்டரியில் 15 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ரெகுலேட்டரைச் சந்தேகியுங்கள். சோதித்துப் பார்ப்பதற்காக ஓடும் இன்ஜினில் பேட்டரி வயரைக் கழற்றாதீர்கள், டயோடு எரிந்துவிடும்.

ஃபாரடே சர் பட்டத்தை மறுத்தார். ராயல் சொசைட்டியின் தலைவர் பதவியையும் இரண்டு முறை மறுத்தார். 1867-ல் இறக்கும்வரை வெறும் ஃபாரடேயாகவே இருந்தார். குறிப்பேட்டின் பத்திகளுக்கு எண் போட்டு, அதை 16 ஆயிரத்துக்கு மேல் கொண்டுபோனவர் அவர். நீங்கள் அவ்வளவு எழுத வேண்டாம். வண்டி நின்றபோது எத்தனை வோல்ட், ஓடியபோது எத்தனை, ஆல்டர்னேட்டர் முனையில் எத்தனை என்று மூன்று எண்களைத் தேதியோடு டூல் பாக்ஸ் மூடியில் எழுதி வையுங்கள். அரவை தொடங்குமுன் மறுபடி அளந்து பாருங்கள். எண் இறங்கியிருந்தால், நடு ரோட்டில் விளக்கு அணைவதற்கு முன்பே தெரிந்துவிடும்.