குழியை அளந்த பிரினெல்

கோலார் தங்கவயலில் பாலகாட் பகுதியைச் சேர்ந்தவன் நான். எங்கள் ஊரில் ‘இண்டென்ட்’ என்றால் பண்டசாலைக்கு எழுதும் தேவைச் சீட்டு. அச்சகத்தாருக்கோ பத்தியின் முதல் வரியை உள்ளே தள்ளித் தொடங்குவது. தமிழரைக் கடல் கடத்திய ‘இண்டெஞ்சர்’ ஒப்பந்தமும் அதன் உடன்பிறப்பே. ஒரே தாளில் இருபடி எழுதி, பல் பல்லாய் வெட்டிப் பிரித்த பத்திரங்களால் வந்த பெயர் அது! உலோகவியல் பயிலும் நமக்கு அச்சொல் ஒரு சிறு குழி. அக்குழிக்கு மதிப்புத் தேடித் தந்தவர் யோஹான் அகஸ்ட் பிரினெல்.

சுவீடன் நாட்டில் 1849இல் பிறந்த இவர், 1882இல் பாகர்ஸ்டா இரும்பாலையின் தலைமைப் பொறியாளரானார். சூட்டாலும் குளிர்ச்சியாலும் எஃகின் உள்ளமைப்பு மாறுவதை ஆராய்ந்து 1885இல் வெளியிட்டார்.

அந்நாளில் எஃகின் கடினத்தை அரத்தால் தேய்த்தோ கீறியோதான் பார்த்தனர். கைப்பழக்கம் உள்ளவர் சொல்வதே தீர்ப்பு. என் பாட்டனார் சுரங்கப் பட்டறையில் துளைக்கம்பி தீட்டியவர். தட்டிய ஓசையிலேயே பதம் சொல்லிவிடுவாராம். அத்திறமையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆயினும் அது அவரோடு போயிற்று. எழுதி வைக்க ஓர் எண் இருந்ததில்லையே!

பிரினெல் அந்த எண்ணைத் தந்தார். 10 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள எஃகுக் குண்டை 3000 கிலோகிராம் எடையால் சில நொடிகள் அழுத்தி, விழுந்த குழியின் குறுக்களவை அளந்தார். எடையைக் குழியின் வளைபரப்பால் வகுத்தால் கடினம் கிடைத்துவிடும். குழி 4 மில்லிமீட்டரானால் எண் 229. 5 ஆனால் 143 மட்டுமே. புதிதாய் வேலைக்கு வந்த பையனும் அளந்து சொல்லலாம். வேறு நாட்டு ஆலையும் அதே எண்ணைக் காணும். 1900இல் பாரிஸ் கண்காட்சியில் இம்முறை உலகறிய வைக்கப்பட்டது. 1907இல் பெஸ்ஸமர் தங்கப் பதக்கமும் அவரைத் தேடி வந்தது.

குறைகள் உண்டு. மிகக் கடிய எஃகில் குண்டே நசுங்கும். எங்கள் ஊர்க் குவார்ட்ஸ் பாறையிலோ குழி விழுமுன் விரிசல்தான் விழும். 1920களில் விக்கர்ஸ் நிறுவனத்தார் வைரப் பிரமிடைக் கொணர்ந்தனர். அதன் 136 பாகைக் கோணத்தைக்கூட இவருடைய குண்டு பதிக்கும் குழியை ஒட்டியே வகுத்தனர்.

1925இல் பிரினெல் மறைந்தார். இன்று எஃகுக் குண்டின் இடத்தில் டங்ஸ்டன் கார்பைடு குண்டு அமர்ந்திருக்கிறது. எண்ணுக்கு மட்டும் அவர் பெயரே.