நாஞ்சில் நாட்டு வரலாறு கண்ட கவிமணி

வடக்கே மேற்குத் தொடர்ச்சி மலையும், கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயும், தென்மேற்கே முட்டத்துக் கடற்பாறைகளும் சூழ விளங்கும் நிலப்பகுதியில், வயல் வளம் நிறைந்தது நாஞ்சில் நாடு. இந்நாட்டின் தேரூரில் 1876ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 27ஆம் நாள், சிவதாணுப் பிள்ளைக்கும் ஆதிலட்சுமி அம்மையாருக்கும் மகனாகத் தோன்றியவர் தேசிகவிநாயகம் பிள்ளை. குழந்தைப் பாடல்களால் தமிழுலகம் அறிந்த கவிமணி, தம் மண்ணின் வரலாற்றை ஆராய்ந்த அறிஞருமாவார். கவிஞரின் புகழொளியில் ஆய்வாளரின் உழைப்பு பலர் கண்ணில் படாமற் போயிற்று.

திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்த அந்நாளில், அவர் பள்ளியில் மலையாளமே பயில நேர்ந்தது. இளமையிலேயே தந்தையை இழந்த அவருக்குத் தமிழமுதூட்டியவர் சாந்தலிங்கத் தம்பிரான். பின்னர்க் கோட்டாற்றிலும் நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலுமாக முப்பத்தாறு ஆண்டுகள் ஆசிரியப் பணியாற்றி, 1931இல் ஓய்வு பெற்றார்.

ஆசிரியப் பணியினூடே அவர் உள்ளம் கல்வெட்டுகளை நாடிற்று. நாஞ்சில் நாட்டிலும் அதன் அயலிலும் கோயிற் சுவர்களும் மலைப்பாறைகளும் பழைய சாசனங்களைத் தாங்கி நிற்பவை. திருச்சாரணத்து மலையில் தீர்த்தங்கரர் திருவுருவங்களும் வட்டெழுத்துச் சாசனமும் உள்ளன. நாகர்கோவில் நாகராசர் கோயில் தூண்களிலும் தீர்த்தங்கரர் உருவங்களைக் காணலாம். எழுத்தைப் படித்துப் பொருளுணர்வார் இல்லையேல், இத்தகைய சான்றுகள் வெறுங்கல்லாகவே நின்றுவிடும். செவிவழிக் கதையைவிடச் சாசனச் சான்றே வரலாற்றுக்கு அடிப்படை எனக் கொண்டு உழைத்தவர் கவிமணி.

அவர்தம் ஆய்வுகளுள் தலையாயது காந்தளூர்ச் சாலை பற்றியது. முதலாம் இராசராச சோழன் காந்தளூர்ச் சாலையில் கலமறுத்த செய்தி அவன் மெய்க்கீர்த்தியில் வருகின்றது. சேரரின் மரக்கலங்களை அவன் அழித்ததாகவே அறிஞர் பலர் பொருள் கொண்டனர். சாலை என்பது உணவளிக்கும் அறநிலையம், கலம் என்பது உண்கலம் என்று கொண்டு, கல்வெட்டுச் சான்றுகளைக் காட்டி வேறு பொருள் உரைத்தார் கவிமணி. இது பற்றிய கருத்து வேறுபாடு இன்றும் தீர்ந்தபாடில்லை. ஆயினும், பெரியோர் கூறியதாயினும் சான்று கொண்டு ஆராய்ந்தே ஏற்றல் வேண்டும் என்னும் நெறியை அவ்வாய்வு காட்டிற்று.

பழமையை ஆராய்ந்த அவர், பழமையின் தீமையைப் போற்றினாரல்லர். சொத்து மக்களுக்கன்றி மருமக்களுக்குச் சென்றதால், மனைவியரும் மக்களும் துயருற்ற நிலையை மருமக்கள்வழி மான்மியம் என்னும் நகைச்சுவை நூலால் எடுத்துரைத்தார். 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர்க்கெனச் சட்டம் பிறந்து அம்முறை மாறிற்று. ஆசிய ஜோதியிலோ, வேள்விக்குரிய ஆட்டின் உயிர் காக்கப் புத்தர் மன்னனிடம் மன்றாடும் காட்சியைப் பாடி, கொல்லாமையின் மேன்மையைத் தமிழர் நெஞ்சிற் பதித்தார்.

1940இல் சென்னையில் கவிமணி என்னும் பட்டம் அவரை வந்தடைந்தது. புத்தேரியில் எளிய வாழ்வு வாழ்ந்த அப்பெருந்தகை, 1954ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் மறைந்தார். 1956 நவம்பர் முதல் நாளன்று குமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்ததைக் காண அவர் இல்லை.

கோயில்களைப் புதுப்பிக்குங்கால் ஓர் எழுத்தும் சிதையாமற் காப்பதும், மலைமீதுள்ள திருவுருவங்களை இளையோர்க்குக் காட்டி அவற்றின் வரலாற்றை உரைப்பதுமே அவ்வறிஞர்க்கு நாம் செலுத்தத்தக்க உண்மையான அஞ்சலியாகும்.