கோ. நடேசய்யர்

மலையகத் தொழிற்சங்க வரலாற்றைப் பற்றி எழுதும்போது உங்களிற் சிலர் கோ. நடேசய்யரைச் சட்டத்தரணி என்று எழுதிவிடுகிறீர்கள். அவர் வழக்கறிஞர் அல்லர், பத்திரிகையாளர். ஆனால் தொழிலாளருக்காகச் சட்டத்தை அவரளவு பயன்படுத்தியவர்கள் அக்காலத்தில் மிகச் சிலரே. ஆகவே உங்கள் தவறும் முழுத் தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1887இல் தஞ்சாவூர்ப் பகுதியில் பிறந்த நடேசய்யர் இலங்கைக்கு வந்தபோது, தோட்டத் தொழிலாளரின் வாழ்க்கையை நேரிற் பார்க்க விரும்பினார். அது எளிதாக இருக்கவில்லை. தோட்டம் துரையின் தனிச்சொத்து. அனுமதியின்றி உள்ளே வருபவர் மீது அத்துமீறல் வழக்குத் தொடரலாம். லயத்தில் இருக்கும் உறவினரைப் பார்க்க வருபவருக்கும் இதே கதிதான். ஆனால் துணி வியாபாரிகளுக்கு மட்டும் தடை இருக்கவில்லை. எனவே நடேசய்யர் துணி மூட்டையுடன் வியாபாரியாக லயங்களுக்குள் நுழைந்தார். துரைமாரின் கண்முன்னே, கங்காணிக்குப் பட்ட கடனையும் துண்டுமுறையின் கொடுமையையும் தொழிலாளர் வாயாலேயே கேட்டறிந்தார். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குத் தொழிலாளியைக் கடனோடு சேர்த்து மாற்றிய அந்தத் துண்டுமுறை 1921இல் ஒழிக்கப்பட்டது.

அதே ஆண்டில் அவர் "தேசநேசன்" பத்திரிகையை ஆரம்பித்தார். பின்னர் ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கத்திலும் சேர்ந்து உழைத்தார். சட்டநிருபண சபையிலும் அங்கத்துவம் பெற்றார். குணசிங்க இந்தியத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பியதும் இருவரும் பிரிந்தனர்.

சம்பள விடயத்தைச் சற்று ஊன்றிப் படியுங்கள். 1927இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. அதன்படி மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். கொழுந்து பறிப்பதில் பெரும்பங்கு பெண்களுடையது. அவர்களுக்கே 11 சதம் குறைவு! இந்த வேறுபாடு நீங்க 1984 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

சட்டம் கொழும்பில் எழுதப்பட்டால் மட்டும் போதாது, பிரட்டுக்களத்தில் நிற்பவருக்கும் அது தெரிய வேண்டும் என்பதை நடேசய்யர் நன்கு உணர்ந்திருந்தார். அதனால் தொழிலாளர் சட்டங்களை எளிய தமிழில் நூலாக்கினார். 1931இல், பொருளாதார மந்தத்தால் சம்பளம் குறைக்கப்பட்ட காலத்தில், அட்டனைத் தளமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாகி, அங்கேயும் துரைமாருடன் வாதாடினார்.

இங்கே மீனாட்சி அம்மையை விட்டுவிடாதீர்கள். நடேசய்யரின் மனைவியான இவர், எழுத வாசிக்கத் தெரியாதவருக்கும் செய்தி எட்டும்படி கூட்ட மேடைகளில் தாமே இயற்றிய பாடல்களைப் பாடினார். அப்பாடல்கள் 1940இல் சிறுநூலாகவும் வந்தன. பெண்கள் மேடையேறத் தயங்கிய காலம் அது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

நடேசய்யர் 1947 நவம்பரில் காலமானார். அடுத்த ஆண்டு வந்த பிரசாவுரிமைச் சட்டம், அவர் சங்கத்தில் சேர்த்த தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது.