வாயில்லா ஜீவனுக்காக வாதாடிய ருக்மிணி தேவி

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகும் சாலையில் இருக்கிறது பனவடலிசத்திரம். ஆடும் கோழியும் வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்கள் அந்தப் பக்கத்தில் ஏராளம்.

கோழியின் இரண்டு கால்களையும் சேர்த்துக் கட்டுவார்கள். சைக்கிள் கைப்பிடியில் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். அப்படியே சந்தைக்குக் கொண்டு போவார்கள். தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் காணக்கூடிய காட்சி இது.

ஆனால், இது சட்டப்படி குற்றம்! பலருக்கு இது தெரியாது. அந்தச் சட்டம் வருவதற்குக் காரணமாக இருந்தவர் ஒரு தமிழ்ப் பெண்மணி என்பதும் பலருக்குத் தெரியாது.

அவர்தான் ருக்மிணி தேவி அருண்டேல்.

மதுரையில் பிறந்தவர்

1904-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ந்தேதி மதுரையில் பிறந்தார் ருக்மிணி. நாலு ஆண்டுக்கு ஒருமுறை வரும் பிறந்த நாள்! தந்தை நீலகண்ட சாஸ்திரி, பொதுப்பணித் துறையில் என்ஜினீயர். தாய் சேஷம்மாள்.

பிறகு குடும்பம் சென்னை அடையாறில் குடியேறியது. அங்கே பிரம்மஞான சபையைச் சேர்ந்த ஜார்ஜ் அருண்டேல் என்ற ஆங்கிலேயரை 1920-ல் மணந்தார். அப்போது ருக்மிணிக்கு 16 வயது. வெள்ளைக்காரரைக் கல்யாணம் செய்து கொண்டாளே என்று ஊர் தூற்றியது. அவர் கலங்கவில்லை.

அடுத்து, நாட்டியம் கற்றார். அந்நாளில் சதிர் என்று சொல்லப்பட்ட ஆட்டத்தைப் பரம்பரைக் கலைஞர்கள் காத்து வந்தார்கள். மற்றக் குடும்பத்துப் பெண்கள் அதைப் பார்க்கவே தயங்கிய காலம் அது. மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் அவர் பாடம் கேட்டார். 1935-ல் அடையாறில் மேடை ஏறினார். எதிர்ப்பு எழுந்தது, பின் அடங்கியது. மறு ஆண்டே கலாக்ஷேத்திரம் பிறந்தது.

உலகம் அவரை நாட்டியத்துக்காகவே அறியும். அவருடைய நெஞ்சில் இன்னொரு கவலையும் இருந்தது. அது வாயில்லா ஜீவன்களின் கவலை.

டெல்லிக்குப் போன குரல்

1952-ல் ருக்மிணி தேவி ராஜ்ய சபை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். பதவி கிடைத்ததும் அவர் கையில் எடுத்த வேலை என்ன தெரியுமா? பிராணிகளைக் காக்கும் சட்டம்!

வெள்ளைக்காரர் காலத்துச் சட்டம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. அது 1890-ல் வந்தது. ஆனால் ஓட்டைகள் நிறைந்தது. நகராட்சி எல்லைக்குள் மட்டுமே அதற்கு வேலை. பனவடலிசத்திரம் போன்ற கிராமங்களை அது எட்டவே இல்லை! வீட்டில் வளர்க்கும் பிராணி, பிடித்து அடைத்த பிராணி ஆகியவற்றைத் தவிர மற்ற உயிர்களுக்கு அதில் இடமும் இல்லை. தண்டனையும் மிகக் குறைவு.

அம்மையார் 1953-ல் தாமே ஒரு மசோதா கொண்டு வந்தார். அரசாங்கம் கொண்டு வராத மசோதா. ஒரு தனி உறுப்பினர் கொண்டு வந்த மசோதா. அது சட்டமாவது அபூர்வம்.

அடுத்த ஆண்டு சபையில் விவாதம் நடந்தது. பிரதமர் நேரு குறுக்கிட்டார். அம்மையாரின் நோக்கத்தை அவர் பாராட்டினார். அரசாங்கமே இதை ஆராய்ந்து தக்க சட்டம் கொண்டு வரும் என்று உறுதி அளித்தார். மசோதாவைத் திரும்பப் பெறும்படி கேட்டுக் கொண்டார்.

அம்மையாருக்கு இது பெரிய சோதனை. பிடிவாதமாக நின்றால் மசோதா தோற்கலாம். திரும்பப் பெற்றால் வாக்குறுதி காற்றோடு போகலாம். அவர் நம்பினார், திரும்பப் பெற்றார்.

ஒரு கமிட்டி அமைக்கப்பட்டது. ஆண்டுகள் ஓடின. அம்மையார் விடவில்லை. கடைசியில் 1960-ஆம் ஆண்டு டிசம்பரில் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. சட்டத்தில் அவர் பெயர் இல்லை. ஆனால் அவர் ஊன்றிய விதைதான் அது.

சட்டம் சொல்வது என்ன?

மனிதனைத் தவிர எல்லா உயிரும் இந்தச் சட்டத்தின் காவலில் வருகிறது. யானையும் அடக்கம், கோழிக்குஞ்சும் அடக்கம்.

பிராணியை வைத்திருப்பவர் அதன் நலனைக் கவனிக்கவேண்டும். போதிய தீனி, தண்ணீர், இருக்க இடம் தரவேண்டும். கூண்டில் அடைத்தால், அசைந்து திரும்ப இடம் இருக்கவேண்டும். துன்பம் தரும் வகையில் தூக்கிச் செல்லக் கூடாது.

உணவுக்காகக் கோழி அறுப்பதை இந்தச் சட்டம் தடுக்கவில்லை. தேவையில்லாத வேதனை கூடாது என்றுதான் சொல்கிறது.

இன்னொரு விதியும் உண்டு. தொற்றுநோய் கண்ட பிராணியைத் தெரிந்தே தெருவில் திரியவிடுவது குற்றம்! பசியாலும் தாகத்தாலும் நெருக்கடியாலும் வாடும் பிராணியை விற்க வைப்பதும் குற்றம்.

இரக்கத்துக்கும் நோய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு!

இரக்கமே மருந்து

கோழி வளர்ப்பவர்கள் அஞ்சும் நோய் வெள்ளைக் கழிச்சல். ராணிக்கெட் நோய் என்றும் சொல்வார்கள். இமயமலைப் பகுதியில் உள்ள ராணிக்கெட் என்ற ஊரில் 1927-ல் இது கண்டறியப்பட்டது. அதனால் அந்தப் பெயர்.

கோழி வெள்ளையும் பச்சையுமாகக் கழியும். மூச்சுத் திணறும். கழுத்து முறுக்கிக் கொள்ளும். நேற்றுவரை மேய்ந்த கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்து விழும். வந்த பின் குணமாக்க மருந்து கிடையாது. வருமுன் தடுப்பூசி போடுவதே வழி. தமிழ்நாட்டில் கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரியில் முகாம் நடத்தி இலவசமாகவே தடுப்பூசி போட்டு வருகிறது.

எச்சத்தாலும், தீனியாலும், கூண்டாலும், மனிதர் காலடியாலும் இந்த நோய் பரவும். நெருக்கி அடைத்த கூண்டில் ஒரு கோழிக்கு வந்தால் அத்தனைக்கும் வரும். பட்டினியாலும் தாகத்தாலும் களைத்த கோழிக்கு எதிர்ப்புச் சக்தி ஏது? ஆகவே, விசாலமான கூண்டும் ஒரு வாய்த் தண்ணீரும் கோழிக்குச் செய்யும் தருமம் மட்டும் அல்ல. வளர்ப்பவரின் முதலுக்கும் அதுவே பாதுகாப்பு.

பின்னால் வந்த விதிகளும் இதே பாதையில் சென்றன. அம்மையாரின் முயற்சியால் பிறந்த சட்டத்தின் கீழ் 1978-ல் பிராணிகளை ஏற்றிச் செல்லும் விதிகள் வந்தன. 2001-ல் கோழிகளுக்கும் தனி விதிகள் சேர்ந்தன. தொற்றுநோய் இல்லை, பயணத்துக்கு ஏற்றது என்று கால்நடை மருத்துவர் சான்று தரவேண்டும். ஒரு கூட்டில் இத்தனை கோழிக்கு மேல் அடைக்கக் கூடாது.

2006-ல் மராட்டிய மாநிலம் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் புகுந்தது. இந்தியாவில் அதுவே முதல் தடவை. 2009-ல் பிராணிகளின் தொற்றுநோய்த் தடுப்புக்கென்றே தனிச் சட்டம் வந்தது. நோய் கண்டால் தெரிவிக்கவேண்டும், நோயுற்றதைப் பிரித்து வைக்கவேண்டும், செத்ததைக் குளத்திலோ ஆற்றிலோ போடக்கூடாது என்று அது கட்டளை இட்டது.

கடைசி மூச்சு வரை

1962-ல் பிராணிகள் நல வாரியம் அமைந்தது. அதன் முதல் தலைவர் ருக்மிணி தேவியே. சென்னையிலிருந்து வாரியம் நடந்தது. காலையில் நாட்டியப் பாடம், பிறகு வாரியத்தின் கோப்புகள் என்று அவருடைய நாட்கள் கழிந்தன.

1977-ல் ஜனாதிபதி பதவியே அவரைத் தேடி வந்தது. பிரதமர் மொரார்ஜி தேசாய் கேட்டுக் கொண்டார். அம்மையார் ஏற்கவில்லை. கலையும் ஜீவகாருண்யமும் போதும் என்று இருந்துவிட்டார்.

1986-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ந்தேதி, 81-வது வயதில், சென்னையில் காலமானார்.

முதல் தடவை பிராணியை வதைப்பவருக்கு அதிகபட்ச அபராதம் 50 ரூபாய். 1960-ல் அது பெரிய தொகை. அறுபது ஆண்டுகள் கடந்த பிறகும் அந்தத் தொகை உயரவில்லை. அந்த 50 ரூபாய்க்குப் பயந்து யார் திருந்துவார்?

சட்டம் ஏட்டில் இருக்கிறது. அதற்கு உயிர் கொடுக்கவேண்டியது கோழி வளர்க்கும் வீடுகள்தான். கால்களைக் கட்டித் தொங்கவிடாமல் ஒரு கூடையில் வைத்துக் கொண்டு போனால் போதும். அம்மையாருக்கு அதைவிடச் சிறந்த அஞ்சலி வேறு இல்லை.