ஆல்பிரட் பியூக்கி

ஆல்பிரட் பியூக்கி (ஜூலை 11, 1879 - அக்டோபர் 27, 1959) டர்போசார்ஜரைக் கண்டுபிடித்த சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் ஆவார். விண்டர்தூர் நகரில் பிறந்து, சூரிக்கில் பொறியியல் பயின்றார். எஞ்சினின் வெப்பத்தில் பெரும்பகுதி புகையோடு வீணாவதைக் கண்ட இவர், அப்புகையாலேயே விசையாழியைச் சுழற்றி எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைச் செலுத்தும் முறைக்கு 1905-இல் காப்புரிமை கோரினார். நடைமுறை வெற்றிக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 1920களில் இரு செருமானியப் பயணிகள் கப்பல்களில் பொருத்தியபோது எஞ்சின் திறன் 1750-இலிருந்து 2500 குதிரைத்திறனாக உயர்ந்தது.

புகையின் வெப்பம் தாக்கும் டர்போசார்ஜர் தண்டின் தாங்கிகளுக்கு உயவு எண்ணெயே காப்பு. ஆகவே எண்ணெய் வடிகட்டியைக் கடந்த பின்னரே அங்கு செல்லும். தருமபுரி மாவட்டத்துத் தொப்பூர் கணவாயில் ஏறிவந்த சரக்குந்தை நிறுத்தியவுடன் எஞ்சினை அணைத்தால், எண்ணெய் ஓட்டம் நின்று, தாங்கியில் தேங்கிய எண்ணெய் கருகக்கூடும். சிறிது நேரம் எஞ்சினை ஓடவிட்டு அணைப்பது இதனாலேயே.